இருதயம் தனக்காகக் கேட்பது

தரமணி பறக்கும் இரயில் நிலையத்தின் படிக்கட்டுகளை நாள்தோறும் ஏறி இறங்குவோர் நம் பங்கில் பலர். சாலை கீழே, தண்டவாளமோ மேலே. வண்டி வரும் ஓசை கேட்டதும் சோற்றுப் பாத்திரத்துடன் இரண்டிரண்டு படியாகத் தாவும் இளைஞரும் அங்கு உண்டு. கைப்பிடியைப் பற்றியவாறு ஒவ்வொரு படியாக ஏறும் பெரியவரும் உண்டு. அத்தகைய பெரியவர் ஒருவர், தவக்காலத் தொடக்கத்தில் ஒரு நாள், காலைத் திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்தார். மயிலாப்பூரில் புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில் அவருக்கு. வயது 58.

"சாமி, இப்போதெல்லாம் ஸ்டேஷன் படியில் பாதி ஏறியதும் நெஞ்சின் நடுவில் யாரோ கையை வைத்து அழுத்துவது போலிருக்கிறது. இடது தோள் வரைக்கும் இழுக்கிறது. இரண்டு நிமிடம் நின்றால் போய்விடுகிறது. வாயுதான், வேறொன்றுமில்லை. வீட்டில் வாழைக்காய் அதிகம் சமைக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்த ஒருவர் ஏறக்குறைய இதே சொற்களை நம்மிடம் சொன்னார். கோவில் மாடிப்படி ஏறும்போது நெஞ்சு அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது என்றார். நாமும் வாயு என்றே எண்ணினோம். பங்கு இல்லத்தின் அலமாரியில் இருந்த ஓமத்திரவத்தை எடுத்து, ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நம் கையாலேயே கொடுத்தோம். வாங்கிக் குடித்துவிட்டு நன்றி சொல்லிச் சென்றார். இரண்டு வாரம் கழியவில்லை. ஒரு விடியற்காலையில் நோயில்பூசுதல் அளிக்க அழைப்பு வந்தது. நாம் சென்று சேருமுன்னரே உயிர் பிரிந்துவிட்டது. அவருடைய மனைவி இன்றும் நம்மைக் காணும்போதெல்லாம், அன்று ஓமத்திரவம் கொடுத்த நம் அன்பை நினைவுகூர்ந்து நன்றி கூறுவார். அந்த நன்றியைப் போல் நம்மைச் சுடுவது வேறொன்றுமில்லை.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்கள், இலத்தீன் கற்பித்தார்கள், உடலியல் கற்பிக்கவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான், இருதயம் தன் துன்பத்தை எவ்வாறு தெரிவிக்கிறது என்பதை அறிய விழைந்தோம். தரமணியில் இருப்போர்க்கு இதில் ஒரு வசதி உண்டு. ஏழை எளியோர்க்கென்று டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய தன்னார்வ நலவாழ்வுச் சேவை மருத்துவமனை இங்குதான் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தைத் துணைவேந்தராக 27 ஆண்டுகள் நடத்திய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் பெயரைத் தாங்கிய அடிப்படை மருத்துவ அறிவியல் பட்டமேற்படிப்பு நிறுவனமும் இங்கேயே உள்ளது. ஆகவே உடலியல் கற்பித்து ஓய்வு பெற்ற மருத்துவர் ஒருவர் நம் பங்கில் குடியிருப்பது வியப்பன்று. மாலை வேளைகளில் அவர் நமக்குப் பொறுமையுடன் சொல்லித் தந்தவற்றையும், அதன்பின் நாம் தேடிப் படித்தவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

இருதயத்தின் உள்ளறைகளில் எந்நேரமும் இரத்தம் நிரம்பியிருக்கிறது. எனினும் அந்த இரத்தத்திலிருந்து அதன் தடித்த தசைச்சுவர் தன் தேவைக்கு எடுத்துக்கொள்ள இயலாது. நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரன் மூட்டையைப் பிரித்து உண்பதில்லை அல்லவா? தனக்குரிய கூலி தன் கைக்கு வந்த பின்னரே அவன் வீட்டில் உலை கொதிக்கும். இருதயத்தின் நிலையும் அதுவே. உடலுக்கெல்லாம் இரத்தம் கொண்டுசெல்லும் பெருந்தமனி இருதயத்தை விட்டுப் புறப்படும் இடத்திலேயே, வலமும் இடமுமாக இரண்டு சிறு தமனிகள் பிரிந்து, இருதயத்தின் புறத்தே படர்ந்து, கிளைத்து, தசைக்குள் இறங்குகின்றன. தலையில் சூட்டிய முடி போல் இருதயத்தைச் சுற்றியிருப்பதால், முடியைக் குறிக்கும் 'கொரோனா' என்ற இலத்தீன் சொல்லால் அவற்றை 'கொரோனரி' தமனிகள் என்றனர். (2020-இல் உலகை வாட்டிய நோய்க்கிருமிக்கும் இச்சொல்லே பெயராயிற்று, சொல்லின்மேல் குற்றமில்லை.)

நாம் ஓய்வாக இருக்கும்போது இருதயம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அதில் 250 மில்லி லிட்டர் அளவே, அதாவது இருபதில் ஒரு பங்கே, அதற்கென்று திரும்புகிறது. அதன் எடையோ சுமார் 300 கிராம்தான். உடல் எடையில் இருநூறில் ஒரு பங்கே உள்ள உறுப்புக்கு இரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு என்றால், அதிகம் பெறுகிறதே என்று தோன்றும். ஆனால் நாளொன்றுக்கு ஓர் இலட்சம் முறை சுருங்கி விரியும் உழைப்பாளிக்கு இது மிகையன்று. மற்றொன்றும் கேளுங்கள். உடலின் பிற உறுப்புகளுக்கு, இருதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போதே இரத்தம் பாய்கிறது. இருதயத்தின் இடப்புறச் சுவருக்கோ அப்படியன்று. சுருங்கும்போது அத்தசை தன்னுள் ஓடும் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. ஆகவே இரு துடிப்புகளுக்கு இடையே அது இளைப்பாறுகின்ற ஏறத்தாழ அரை விநாடியில்தான் அதன் பங்கில் பெரும்பகுதி வந்து சேர்கிறது. எல்லார்க்கும் பரிமாறி முடித்த பிறகு அடுப்படியில் அமர்ந்து உண்ணும் நம் இல்லத்துத் தாய்மாரை இங்கு நினைத்துக்கொண்டோம். துடிப்பு விரைவானால் குறைவது அந்த இளைப்பாறும் நேரமே. உழைப்பு கூடும், உண்ணும் வேளையோ சுருங்கும்.

இனிச் சொல்வதே இக்கட்டுரையின் உயிர்நிலை. நாம் ஓய்ந்திருக்கையில் உடலின் பிற பகுதிகள், தம்மிடம் வரும் இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் சராசரியாகக் கால் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. தேவை கூடினால் அதே இரத்தத்திலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ளலாம். குதிருக்குள் நெல் இருக்கிறது. இருதயத் தசையோ, நாம் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படிக்கும் வேளையிலும், தன்னிடம் வரும் பிராணவாயுவில் ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. அதன் குதிரில் மிச்சம் கொஞ்சமே. கால் தசை சிறிது நேரம் பிராணவாயுக் குறைவுடன் வேலை செய்து, அந்தக் கடனைப் பின்னர் தீர்த்துக்கொள்ளும். இருதயத்தால் அவ்வாறு கடன்பட்டுக் காலந்தள்ள முடிவதில்லை. ஆகவே பிராணவாயு குறையும்போது அதற்குள்ள வழி ஏறக்குறைய ஒன்றுதான்: இன்னும் இரத்தம் வரவேண்டும். நலமுள்ள ஒருவர் கடுமையாக உழைக்கும்போது அவருடைய இருதயத் தசைக்குப் பாயும் இரத்தம் நான்கு, ஐந்து மடங்குவரை உயர்கிறது.

அப்படியாயின், 'எனக்குப் போதவில்லை' என்று இருதயம் யாரிடம் சொல்கிறது? மூளையிடம் சொல்லி, மூளை ஆணையிட்டு, நரம்பு வழியாகக் குழாய்கள் திறக்கின்றன என்று நாம் எண்ணியிருந்தோம். நரம்புகளுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் தலைமைப் பங்கன்று. புது தில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், டாக்டர் பி. வேணுகோபால் குழுவினர் நம் நாட்டில் முதன்முறையாக மாற்று இருதயம் பொருத்தி வெற்றி கண்டனர். ஒருவர் மார்பிலிருந்து எடுத்து மற்றொருவர் மார்பில் வைக்கும் இருதயத்தின் நரம்புகள் அறுபட்டே வருகின்றன. எனினும், தன் உழைப்புக்கேற்பத் தன் இரத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பெற அவ்விருதயத்தால் முடிகிறது. ஆகவே முறையீடு எழுவது தசையின் உள்ளேயே. அந்த முறையீட்டின் கதை, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரிடம் நம்மைக் கொண்டு சேர்க்கிறது.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல் கோதாவரி நாட்டுப் பீமவரத்தில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். பள்ளி இறுதித் தேர்வில் முதலில் தோற்று, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறினார். இளமையில் துறவு மேற்கொள்ளும் நாட்டம் அவருக்கு இருந்தது. பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். விடுதலைப் போராட்டக் காலம் அது. அறுவைக் கூடத்தில் கதராடை உடுத்தியதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். அவருடைய சகோதரர் இருவரைக் குடல் நோய் கொண்டுபோயிற்று. 1922-இல் அமெரிக்கா சென்று, ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே, இரவில் மருத்துவமனையொன்றில் கடைநிலை ஊழியராய் வேலை செய்து வயிற்றைக் கழுவினார். 1925-இல் ஃபிஸ்கே என்ற ஆசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். உயிர்வேதியியல் மாணவர்கள் அம்முறையை இவ்விருவர் பெயராலேயே கற்கின்றனர். அதன்பின் தசையில் என்ன இருக்கிறது என்று துருவியபோது, 1929-இல் இவ்விருவரும் ஒரு பொருளைக் கண்டனர். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனித்து அதையே கண்டார். அப்பொருளே அடினோசின் டிரை பாஸ்பேட். சுருக்கமாக ஏ.டி.பி. என்பர்.

சுப்பாராவைப் பற்றி இன்னும் எழுதினால் ஆசிரியர் நம் கட்டுரையை வெட்டிவிடுவார். ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறோம். யானைக்கால் நோய்க்குத் தரும் டை எதில் கார்பமசின் மாத்திரை, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முதன்முதலில் பயன்தந்த மருந்துகளில் ஒன்றான அமினோப்டெரின் ஆகியவை அவர் வழிநடத்திய ஆய்வுக் கூடத்தில் பிறந்தவை. ஆனால் நம் பிள்ளைகளைக் கேட்டால் அவர் பெயரை அறியார். திரைப்பட நடிகர் அனைவரின் பிறந்த நாளையும் அறிவர்.

ஏ.டி.பி. என்பது உயிரணுவின் கைக்காசு. நாம் உண்ணும் சோறும் பருப்பும் எண்ணெயும் என்னவாக மாறினாலும், தசை ஒரு முறை சுருங்குவதற்கு அவ்விடத்திலேயே கொடுக்கவேண்டிய விலை இந்தக் காசுதான். அடினோசின் என்ற ஒரு மூலக்கூறு. அதன் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள். ஒரு பாஸ்பேட் கழன்றால் ஆற்றல் வெளிப்படும். பிராணவாயு போதுமான அளவு வந்துகொண்டிருந்தால், கழன்ற பாஸ்பேட் உடனே மீண்டும் ஒட்டப்படும். செலவான காசு அக்கணமே புதிதாய் அச்சிடப்படும். இருதயத் தசையில் எந்நேரமும் கையிருப்பாக உள்ள ஏ.டி.பி. சில விநாடிகளுக்கே போதும். ஆகவே அச்சடிப்பு இடையறாது நடந்தாக வேண்டும். ஒரு நாளில் அது செய்து செலவிடும் ஏ.டி.பி.யின் எடை இருதயத்தின் எடையைப் போல் பல மடங்கு.

பிராணவாயு குறைந்தால் அச்சடிப்பு தளர்கிறது. செலவு நிற்பதில்லை. ஒரு பாஸ்பேட் போகிறது, இரண்டாவதும் போகிறது, மூன்றாவதும் போகிறது. ஈற்றில் எஞ்சுவது வெறும் அடினோசின். எல்லாம் செலவழிந்த பின் கையில் நிற்கும் வெற்றுப் பை என்று கொள்ளலாம். இந்த வெற்றுப் பைதான் தூது போகிறது. உயிரணுவுக்கு வெளியே வந்து, அருகிலுள்ள நுண்தமனிகளின் சுவரில் இருக்கும் தசையைத் தொடுகிறது. அத்தசை தளர்கிறது. குழாய் விரிகிறது. இரத்தம் பெருகி வருகிறது, பிராணவாயுவும் வருகிறது. வந்த இரத்தமே அடினோசினைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இரத்தத்தில் அதன் ஆயுள் சில விநாடிகள்தான். தேவை தீர்ந்ததும் தூதன் மறைகிறான். குழாய் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எங்கே பசியோ அங்கிருந்தே முறையீடு. எவ்வளவு பசியோ அவ்வளவு குரல். நடுவில் அலுவலகமும் இல்லை, விண்ணப்பப் படிவமும் இல்லை.

அடினோசின் இருதயத்தின் துடிப்பைக் குறைக்கும், அதன் தமனிகளை விரிக்கும் என்பதை இங்கிலாந்தில் டுரூரி, செண்ட்-ஜியார்ஜி என்ற இருவர் வெளியிட்டதும் அதே 1929-இல்தான். ஆயினும், பிராணவாயுக் குறைவையும் இரத்தப் பெருக்கையும் இணைக்கும் கண்ணி இதுவாகலாம் என்ற கருத்தை அமெரிக்க உடலியலறிஞர் இராபர்ட் பேர்ன் வெளியிட 1963 வரை ஆயிற்று. அக்காலத்தில் முழு விடையும் கிடைத்துவிட்டது என்றே பலர் எண்ணினர். பிற்கால ஆய்வுகள் அவ்வளவு எளிதன்று என்று காட்டின. நலமுள்ள இருதயத்தில் அடினோசினின் வேலையைத் தடுத்துவிட்டாலும், சாதாரண உழைப்பின்போது இரத்தம் பெருகத்தான் செய்கிறது. குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு, குழாய்த் தசையிலுள்ள பொட்டாசியம் வாயில்கள் எனப் பல தூதர்கள் உளர். நைட்ரிக் ஆக்சைடின் பணியைக் கண்டதற்கு 1998-இல் மூவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உண்மையான பஞ்சம் வரும்போது, பிராணவாயு மெய்யாகவே குறையும்போது, அடினோசினின் குரல் ஓங்கி ஒலிக்கிறது. ஒருவன் வாய் அடைபட்டாலும் மற்றவன் சொல்லட்டும் என்று பல தூதர்களை வைத்திருப்பதே இருதயத்தின் முன்யோசனை என்று நமக்குத் தோன்றுகிறது.

இவ்வளவும் கேட்ட பின் நாம் மருத்துவரிடம், "அப்படியானால் நெஞ்சுவலி எங்கிருந்து வருகிறது?" என்று வினவினோம். அவர் சொன்ன விடை நம்மை எழுந்து உட்காரச் செய்தது. அதே அடினோசின் வலி நரம்புகளையும் தொடுகிறதாம்! நோயில்லாதவர் உடலில் ஊசி வழியாக அதைச் செலுத்தினாலும் நெஞ்சில் அதே அழுத்தம் தோன்றுவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். முதல் மடல் குழாய்களுக்குப் போகிறது. அங்கே வழி கிடைக்காவிட்டால் அடினோசின் தேங்குகிறது. இரண்டாம் மடல் நமக்கு வருகிறது. நெஞ்சின் நடுவில் கை வைத்து அழுத்துவது போன்ற அந்த உணர்வே அம்மடல். அதைத்தான் நாம் ஓமத்திரவம் ஊற்றி அனுப்பிவிட்டோம்.

குழாய்களில் ஏன் வழி கிடைப்பதில்லை? சென்னையில் வாழ்வோர்க்கு இதை விளக்க அதிகம் பாடுபடவேண்டியதில்லை. தெருக் குழாய் நன்றாயிருந்தால், வீட்டில் எத்தனை குழாய் திறக்கிறோமோ அத்தனையிலும் நீர் வரும். தெருக் குழாய் துருவேறி உட்புறம் ஒடுங்கிவிட்டால், வீட்டிலுள்ள குழாய்களையெல்லாம் முழுக்கத் திறந்து வைத்தாலும் ஒழுகுவதுதான் வரும். இருதயத்தின் பெரிய தமனியில் கொழுப்புப் படிந்து ஒடுங்கும்போது இதுவே நேர்கிறது. அமெரிக்க மருத்துவர் கோல்டு 1974-இல் நாய்களிடம் செய்து காட்டிய ஆய்வு இன்றும் மருத்துவப் பாடம். குழாயின் விட்டம் பாதியாகக் குறையும்வரை ஒன்றும் தெரிவதில்லை. அதற்குமேல் குறையும்போது, உழைக்கும் வேளையில் கிடைக்கவேண்டிய மிகுதி இரத்தம் குறையத் தொடங்குகிறது. ஓய்வு வேளையின் இரத்தமே குறைவதற்கு விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அடைபட வேண்டும். இடைப்பட்ட நீண்ட காலமெல்லாம் அம்மனிதர் நலமாகவே நடமாடுவார். வாசலில் அமர்ந்து பேசுவார். திருமணப் பந்தியில் உண்பார். உள்ளே என்ன நடக்கிறது? பெரிய குழாயின் ஒடுக்கத்தை ஈடுசெய்ய, கீழேயுள்ள நுண்தமனிகள் ஓய்வு வேளையிலேயே விரிந்துகொள்கின்றன. விரிய வேண்டிய அளவெல்லாம் விரிந்தாயிற்று. சேமிப்பு தீர்ந்தது. அந்நிலையில் ஒருநாள் அவர் தரமணி நிலையத்தின் படியேறுகிறார். அடினோசின் கூவுகிறது, திறப்பதற்கு மீதியாய் ஒரு கதவும் இல்லை. அவர் நிற்கிறார். இருதயத்தின் உழைப்பு தணிகிறது. இரண்டு நிமிடத்தில், வரும் கொஞ்ச இரத்தமே போதுமானதாகிவிடுகிறது. வலி நீங்குகிறது.

ஆகவே, 'நின்றால் போய்விடுகிறது, அதனால் இது இருதயமாக இராது' என்று நம்மவர் சொல்வது தலைகீழ்க் கணக்கு. ஏறினால் வருவதும் நின்றால் போவதுமே இருதய வலியின் அடையாளம். வாயு, படிக்கட்டைப் பார்த்து வருவதில்லை. அது உணவைப் பார்த்து வரும், படுத்தாலும் வரும், ஏப்பம் விட்டால் தணியும். இவ்வாறு சொல்வதும் முழுப் பாதுகாப்பன்று. பெண்களுக்கும் முதியோர்க்கும், நெடுநாள் நீரிழிவு உள்ளோர்க்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலாகவோ, தாடை இழுப்பாகவோ, காரணமற்ற களைப்பாகவோ இம்மடல் வருவதுண்டு. நீரிழிவில் வலி நரம்புகளே பழுதுபட்டுப் போவதால் மடல் வந்தும் படிக்க ஆளில்லாத நிலை ஏற்படும்.

பெரிய குழாயில் ஒடுக்கமிருப்பவரின் இருதயத்தைப் பிராணவாயுக் குறைவு வேறு வழிகளிலும் சோதிக்கிறது. கொடைக்கானலுக்கு விடுமுறை செல்கிறோம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே. அங்கே சாதாரண நடைக்கும் இருதயம் அதிக இரத்தம் கேட்கும். பீடி, சிகரெட்டுப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தத்தில் பிராணவாயு உட்காரவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. இரத்தசோகை இருந்தாலும் அப்படியே. ஏற்றிச் செல்லும் வண்டிகளே குறைந்துவிடுகின்றன. பிறர்க்கெல்லாம் பரிமாறி மீதியை உண்ணும் தாய்மார் என்று மேலே குறிப்பிட்டோமே, இந்த மூன்றாவது அவர்களுக்குரியது. தவக்காலத்தில் பரங்கிமலையின் நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் சிலுவைப்பாதை செய்வோரில் யாரேனும் ஒரு நிலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், பக்தியின் உருக்கம் என்று கருதிக் கடந்துபோகவேண்டாம், கேட்டுப் பாருங்கள்.

நின்றும் போகாத வலி வேறு வகை. ஒடுங்கிய இடத்தில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து குழாய் முழுதும் அடைபட்டால், எந்தத் தூதனும் பயன்படான். அரை மணி நேரத்திற்குள்ளாகவே தசை மடியத் தொடங்கி, மணிக்கு மணி பரவும். ஓய்ந்து அமர்ந்த பின்னும் அழுத்தம் தொடர்ந்தால், குளிர்ந்த வியர்வை பெருகினால், சோடா வாங்க ஆள் அனுப்பாதீர்கள். 108-ஐ அழையுங்கள். பங்குத்தந்தையை அதற்குப் பிறகு அழைக்கலாம், நாம் வருத்தப்படமாட்டோம்.

புத்தகக் கட்டுநரின் கதைக்கு வருவோம். அன்று அவரை வீட்டிற்கு அனுப்பாமல், நம் மருத்துவ நண்பரிடமே அழைத்துச் சென்றோம். அவர் ஒரு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தார். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. ஒழுங்காகவே இருந்தது. "பார்த்தீர்களா சாமி, நான் சொன்னேனே!" என்றார். ஆனால் நுண்தமனிகளின் சேமிப்பை அளக்கவேண்டும் என்று மருத்துவர்கள் கருதினர். அவருக்கு முழங்கால் வலி. ஓடும் பட்டையில் நடக்க இயலாது. ஆகவே அடினோசினையே ஊசி வழியாகச் செலுத்திப் பார்க்கும் சோதனையைத் தேர்ந்தனர். இருதயம் பஞ்சத்தில் எழுப்பும் குரலை மனிதர் தாமே எழுப்பி, எந்தப் பகுதியில் இரத்தம் பெருகுகிறது, எங்கே பெருகவில்லை என்று படம் பிடிக்கும் முறை இது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முந்தைய நாளிலிருந்தே காப்பியும் தேநீரும் கூடாது. காப்பியிலுள்ள காஃபீன், அடினோசின் போய் அமரவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளுமாம். நமக்குத் தூக்கம் வரவிடாமல் காப்பி செய்வதும், மூளையில் இதே அடினோசினின் இடத்தைப் பிடித்துக்கொண்டுதான். மயிலாப்பூரில் 35 ஆண்டு வேலை செய்தவரிடம் ஒரு நாள் வடிகட்டிய காப்பி வேண்டாம் என்பது எளிதா? நோயைவிட அந்த ஆணையே பெரிதாய்ப் போயிற்று அவருக்கு.

சோதனை சில நிமிடங்களில் முடிந்தது. வெளியே வந்தவர் முகம் மாறியிருந்தது. "அதே கை, சாமி. படுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு படிகூட ஏறவில்லை. அதே கை வந்து அழுத்தியது" என்றார். அதன் பிறகு வாழைக்காயைப் பற்றி அவர் பேசவில்லை. இருதயத்தின் முன்சுவரில் இரத்தம் பெருகாத ஒரு பகுதி படத்தில் தெரிந்தது. ஒடுங்கிய இடத்தைப் பலூனால் விரித்து, உலோக வலைக்குழாய் ஒன்றை வைத்தனர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டை அவரிடம் இருந்தது. வின்சென்ட் தே பவுல் சபையார் மீதிச் செலவில் கைகொடுத்தனர். ஒடுக்கம் பல இடங்களில் இருந்திருந்தால், காலிலிருந்தோ மார்பிலிருந்தோ ஒரு குழாயை எடுத்து மாற்றுப் பாதை அமைக்கவேண்டியிருந்திருக்கும். அந்தப் பைபாஸ் அறுவையை இந்தியாவில் முதன்முதல் செய்ததும் நம் சென்னையிலேயே. 1975-இல், பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே. எம். செரியன் செய்தார். 2025 ஜனவரியில் அவர் மறைந்தார். ஏ.டி.பி.யைக் கண்ட சுப்பாராவின் காலத்தில் இவையொன்றும் இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில், அவர் உயிரைக் கொண்டுபோனதும் மாரடைப்பே.

சென்ற வாரம் மயிலாப்பூரில் ஒரு கூட்டத்திற்குச் செல்ல நாமும் தரமணி நிலையத்திற்குப் போனோம். அடியில் அவர் நின்றிருந்தார். இருவரும் சேர்ந்து ஏறினோம். மருத்துவர் சொன்னபடி அவசரமில்லாமல், பேசிக்கொண்டே ஏறினார். பாதிப் படியில் நாம்தான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றோம். அங்கி தடுக்கியது என்று சொல்லிப் பார்த்தோம். அவர் இரண்டு படி கீழே இறங்கி வந்து, நம் முகத்தையே பார்த்தார்.

"சாமி, எத்தனை நாளாக?"

சில வாரங்களாக என்றோம். வியாழக்கிழமை காலைக்கு அவரே மருத்துவமனையில் நேரம் வாங்கித் தந்திருக்கிறார். தம் வேலைக்கு விடுப்பெடுத்து உடன் வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.